ஊர்ப்பெயர் சொல்லும் குரல்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டி ஏறக்குறைய ஒரு காத தூரம் தெற்கே சென்றால் பந்தல்குடி வரும். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்களும், வானத்தை நம்பி விதைக்கப்படும் கரிசல் காடுகளும், வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் கண்மாய்களும் சூழ்ந்த இந்த ஊருக்கென்று வானொலி நிலையமும் கிடையாது, தொலைக்காட்சி நிலையமும் கிடையாது. ஆயினும் வடக்கே திருச்சிராப்பள்ளி, தெற்கே திருநெல்வேலி, கடலுக்கு அப்பால் இலங்கை, பின்னாளில் மதுரை, கொடைக்கானல், தூத்துக்குடி என்று திசைக்கொரு நிலையத்தின் எல்லையோரத்தில் அமர்ந்து, கரகரப்புக்கும் இரைச்சலுக்கும் இடையே காதைத் தீட்டிக்கொண்டு இவ்வூர் ஜனங்கள் கேட்டதைப் போல, நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் நகரவாசிகள் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊர் டீக்கடையில் நான் பலமுறை கண்ட காட்சி ஒன்று உண்டு. மாநிலச் செய்தியின் கடைசியில் மழையளவு வாசிக்கத் தொடங்கியதும், அதுவரை யுத்தத்தையும் தேர்தலையும் பற்றிய சேதிகளைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று கையை உயர்த்துவார். "ஏப்பா, சத்தம் போடாதீக. திருச்சுழிக்கு எம்புட்டுன்னு கேப்போம்." கூட்டம் அடங்கும். ஊர் ஊராகப் பட்டியல் போகும். திருச்சுழியின் பெயர் வந்தால் அவர் முகத்தில் ஒரு திருப்தி தோன்றும். வராமலே பட்டியல் முடிந்துவிட்டால், "நம்ம பக்கம் சொல்லலையே மாமா" என்று ஓர் இளைஞன் சொல்ல, அவர் ஒன்றும் பேசாமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார். ஒரு நிலையம் நம்முடையதா, பிறருடையதா என்பதை அந்தப் பெரியவர் எந்த அளவுகோலால் அளந்தாரோ, அதே அளவுகோலைக் கொண்டுதான் இந்தக் கட்டுரையில் நான் நிலையங்களை அளக்கப் போகிறேன்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு பிறந்ததே ஒரு நகரத்தின் சொந்தக் காரியமாகத்தான் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1924-ஆம் ஆண்டில், அரசாங்கம் இதில் கை வைப்பதற்கு முன்பே, சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் ஆர்வலர்கள் சிலர் கூடி மாகாண ரேடியோ சங்கம் ஒன்றை அமைத்து, சிறிய ஒலிபரப்பியைக் கொண்டு பாட்டும் பேச்சும் பரப்பினார்கள். பணமுடையால் 1927-இல் சங்கம் ஓய்ந்தபோது, அந்தக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்திற்று. ரேடியோப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலை வேளையில் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டார்கள். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சிகள் சென்றன. குடிநீரும் தெருவிளக்கும் கொடுப்பது எவ்வாறு ஒரு நகரசபையின் கடமையோ, அவ்வாறே குடிகளின் காதுக்கு நல்லதொரு குரலைக் கொடுப்பதும் கடமை என்று கருதிய அந்த எட்டு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கலந்த ஆச்சரியமே உண்டாகிறது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. மறு ஆண்டே, 1939 மே மாதத்தில், திருச்சிராப்பள்ளி நிலையம் வந்தது.

திருச்சி நிலையத்தின் குரல் எங்கள் பிரதேசத்துக்கு வந்த வழியைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளைய நிலையங்கள் பெரும்பாலும் மத்திய அலையில் பேசின. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய 320 மீட்டர் நீளமுள்ள அலை. திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் 250 மீட்டர். இவ்வளவு நீண்ட அலைகள் பகலில் நிலத்தைத் தழுவியபடியே ஊர்ந்து செல்லும். ஈரமான மண் அவற்றைத் தாராளமாகக் கடத்தும்; காய்ந்த மண்ணும் பாறையும் அவற்றின் சக்தியை வழியிலேயே உறிஞ்சிக்கொள்ளும்; எல்லாவற்றிலும் சிறப்பாகக் கடத்துவது உப்புநீர். இரவானாலோ விஷயமே வேறு. பகலில் வெயிலால் உண்டாகி அலைகளை விழுங்கிவிடும் மேல்வானத்துப் படலம் ஒன்று அஸ்தமனத்துக்குப் பின் கலைந்துபோக, அதற்கும் மேலுள்ள படலத்தில் மோதி அலைகள் வெகுதூரத்தில் வந்து இறங்கும். பகலில் பேசாத ஊரெல்லாம் ராத்திரியில் பேசுவதன் ரகசியம் இதுதான். வீட்டுக்கூரையின் மேல் இரண்டு கழிகளை நட்டு ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஸ்டேஷன் பிடிப்பது அக்காலத்தில் ஒரு வித்தையாகவே மதிக்கப்பட்டது.

பெட்டி வைத்திருப்பதற்குத் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1985-ஆம் ஆண்டில்தான் அந்த நியதி நீங்கிற்று. ஆகவே பெரும்பாலான கிராமத்தாருக்கு வானொலி என்றால் பஞ்சாயத்து ரேடியோவே. பஞ்சாயத்துக் கட்டடத்தின் உச்சியிலோ பூங்காவின் நடுவிலோ இருந்த ஒலிபெருக்கியிலிருந்து, காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி தெருவுக்கே கேட்கும். சரோஜ் நாராயண்சுவாமியின் கணீரென்ற உச்சரிப்பைக் கேட்டு நேரம் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

1963 டிசம்பர் 1-ஆம் தேதி திருநெல்வேலி நிலையம் திறக்கப்பட்டபோது, தென்கோடி மாவட்டங்களுக்கு முதன்முறையாகத் தங்கள் வாய்மொழியை ஒத்த குரல் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டும் நாட்டுப்புற மெட்டும் அங்கே விருந்தாளியைப் போல வந்து போகாமல் வீட்டுப் பிள்ளையாக உரிமையோடு ஒலித்தன. விவசாயிகளுக்கான நிகழ்ச்சிகளில் உரமும் பூச்சியும் பேசப்பட்டன. அவ்வகைப் பேச்சு வெறும் பேச்சாகப் போய்விடவில்லை என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே சாட்சி. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றித் திருச்சி நிலையம் இடைவிடாமல் சொல்லிவர, அதைக் கேட்டே பயிரிட்ட உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரைக் காட்டிலும் அந்தப் பெயரே பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம். பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுவதும் பிரசித்தி பெற்ற தென்கச்சி கோ. சுவாமிநாதனும் திருநெல்வேலி நிலையத்தில் பணிபுரிந்தவரே. பெரிய விஷயத்தைத் திண்ணையில் அமர்ந்து பேசுகிற தோரணையில் சொல்லும் அவருடைய பாணி, உழவரோடு பேசிப் பேசிப் பழகியவரின் பாணியாகவே எனக்குத் தோன்றும்.

இத்தனை இருந்தும், எங்கள் பகுதியின் இதயத்தைக் கவர்ந்தது அயல்நாட்டு நிலையம் ஒன்று. 1952-இல் மத்திய மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டால் ரசனை கெடும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கிவிட்டார். சாஸ்திரீய சங்கீதத்தின்பால் அவருக்கிருந்த பக்தியைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் ஜனங்கள் விரும்பியதை மறுத்த கதவுக்கு எதிரே இலங்கை வானொலி இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. கொழும்பில் 1925-லேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பும் வந்து சேர்ந்தது. பந்தல்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் என்றாலும், வழியில் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் உப்புநீர். சென்னையின் குரல் காய்ந்த நிலத்தில் நடந்து களைத்துப் போய்விட, இலங்கையின் குரல் கடல்மேல் சுகமாகப் பிரயாணம் செய்து வந்தது.

'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்னும் நிகழ்ச்சிகளின் பெயர்களைச் சொன்னாலே முகம் மலரும் பாட்டிமார்கள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய மூச்சுவிடும் இடைவெளி வரை தெரியும். எழுத்துத் தமிழின் கம்பீரம் குறையாமலும், கேட்பவரை அந்நியப்படுத்தாமலும் பேசிய அந்த அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டே லகர ளகர பேதம் கற்றவர்கள் பலர் என்று சொன்னால் அது மிகையாகாது. பாட்டுக்கு முன்னே பாட்டைக் கேட்ட நேயர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் வாசிப்பார்கள். ஒரு தபால் கார்டு கடல் கடந்து போய், வாரங்கள் கழித்து அலையாகத் திரும்பி வந்து, "அருப்புக்கோட்டையிலிருந்து" என்ற ஒரு சொல்லாக வீட்டுக்குள் விழும்போது, ஊரே வெளிச்சத்தில் நிறுத்தப்பட்டதைப் போன்ற ஓர் உணர்ச்சி. எழுதியவன் வீட்டைத் தேடி வந்து விசாரிப்பார்கள். பாட்டு முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் அந்தப் பெயரே பேச்சாக இருக்கும். பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். தன் ஊர்ப்பெயரை வானத்திலிருந்து கேட்பது வேறு சங்கதி.

1987-இல் மதுரைக்கு வானொலி நிலையம் வந்தது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் பெருமை பேசும் நகரத்துக்குத் தன் குரல் கிடைக்கச் சென்னைக்குப் பின் அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கதே. 1269 கிலோஹெர்ட்ஸில் அது பேசத் தொடங்கியபின், எங்கள் ஊர்ப் பெட்டிகளின் முள் வடக்கே சற்று நகர்ந்தது. அதற்கும் பிறகு வந்த கொடைக்கானல் பண்பலையோ முள்ளை நகர்த்துகிற வேலையையே இல்லாமல் செய்துவிட்டது. பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் என்பது மூன்று மீட்டர் நீளமே உள்ள குட்டை அலை. நீண்ட அலையைப் போல நிலத்தை ஒட்டி வளைந்து வர அதற்குத் தெரியாது. பார்வை போகிற மட்டும் ஏறக்குறைய நேராகவே போகும். அதனால்தான் பண்பலைக்கு உயரமே ஐசுவரியம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே மலைமுகட்டில் நின்று பேசுகிற கொடைக்கானல் கோபுரத்துக்குத் தொடுவானம் 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பந்தல்குடியோ நேர்க்கோட்டில் 110 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆகவே அறுபது கிலோமீட்டரில் சமவெளியில் இருக்கும் மதுரையின் பண்பலைக் கோபுரத்தைக் காட்டிலும், இருமடங்கு தொலைவிலுள்ள மலைக்குரல் இங்கே தெளிவாகக் கேட்பதில் அதிசயம் ஏதுமில்லை. தூத்துக்குடியிலிருந்து இலங்கைத் தமிழர்களுக்காக 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'திரைகடல் ஆடிவரும் தமிழ்நாதம்' எங்கள் தலைக்கு மேலாகக் கடந்து செல்வதையும் நாங்கள் எட்டிக் கேட்டுக்கொண்டோம். ஒரு காலத்தில் அங்கிருந்து இங்கே பாட்டு வந்தது. இப்போது இங்கிருந்து அங்கே போகிறது. நடுவில் இருக்கும் கடல் ஒன்றுதான்.

தொலைக்காட்சியும் இதே பாதையிலேதான் வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தூர்தர்ஷன் தொடங்கிற்று. ஆனால் தென்மாவட்டங்களின் கடலோரத்தார் பலர் முதன்முதல் கண்ட படம் 1982-இல் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாஹினியே. இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதலாகலை மலையிலிருந்து வரும் அலை, கணக்குப்படி இந்தக் கரையை எட்டக்கூடாது. ஆனால் கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான உலர்ந்த காற்று படர்ந்து நிற்கும் அமைதியான இரவுகளில், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாயைப் போலப் பாதை உண்டாகி, அலை வளைந்து வந்துவிடும். மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் கீழேயிருந்து "அப்படியே நிறுத்து" என்று கூவிய நாட்கள் அவை. கொடைக்கானலில் சக்திவாய்ந்த தொலைக்காட்சி ஒலிபரப்பி வந்தபின், ஆன்டெனாக்களின் முகம் தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பியது.

இவையெல்லாம் வெளியிலிருந்து உள்ளே வந்த குரல்கள். ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே முடிந்த ஒரு குரலைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி யாரும் மரியாதையாக எழுதியதில்லை. கேபிள்காரர் நடத்தும் 'லோக்கல் சேனல்' அது. 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும், ஒரு டிஷ், ஒரு வீடியோ டெக், தெருவுக்குத் தெரு மின்கம்பங்களில் இழுத்துக் கட்டிய கறுப்பு ஒயர் ஆகியவற்றை மூலதனமாகக் கொண்டு, சுயதொழில் செய்த இளைஞர்களால் சிற்றூர்களில் கேபிள் தொழில் முளைத்தது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது அதற்கு உரமாயிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தலைமைத் தபாலாபீசில் பதிவு செய்துகொள்ளச் சொல்லிற்று. ரேடியோ லைசென்ஸ், நேயர் விருப்பத்துக்கான கார்டு, கேபிள் பதிவு என்று காற்றில் போகும் ஒவ்வொன்றும் எங்கள் நாட்டில் தபாலாபீசின் வாசலைத் தொட்டே சென்றிருப்பது விசேஷந்தான்.

அந்தச் சேனலில் பெரும்பொழுது பழைய சினிமா ஓடும். கீழே எழுத்துக்கள் ஓடும். எந்தத் தெருவில் யார் காலமானார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். எந்த வார்டுக்கு நாளைக் காலை தண்ணீர் விடுவார்கள். பராமரிப்புப் பணிக்காக எந்தப் பகுதியில் மின்சாரம் நிற்கும். எந்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி. காணாமற்போன பசுமாடு செவலையா, மயிலையா. பங்குனிப் பொங்கலில் பூக்குழி இறங்குவதையும், முளைப்பாரி ஊர்வலத்தையும், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதையும் அவர்களுடைய காமிரா விடாமல் காட்டும். படம் ஆடும், ஒலி நிற்கும், விளம்பரத்தின் சத்தம் காதைப் பிளக்கும், பிறருக்கு உரிமையான படங்களை அனுமதி பெறாமல் ஓட்டியவர்களும் உண்டு. இந்தக் குறைகளையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், நடக்கமுடியாமல் கட்டிலில் கிடக்கும் ஒரு கிழவி, தன் அம்மன் சப்பரத்தில் வருவதைப் பெட்டியில் பார்த்துக் கைகுவிக்கும்போது, அவளுக்கு அந்தச் சேவையைச் செய்ய டில்லிக்கோ சென்னைக்கோ ஒருநாளும் இயலாது என்பதை யோசிக்க வேண்டும்.

2011-இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்ச் சந்தாவில் சேவையைப் பரப்பியபோது ஏழைக் குடும்பங்களுக்குச் சௌகரியம் உண்டாயிற்று. அதன்பின் செட்டாப் பாக்ஸ் வந்தது, படம் தெளிவடைந்தது. ஆனால் முன்பெல்லாம் ஊர்க் கண்ட்ரோல் ரூமில் ஒரு ஒயரைச் செருகினால் ஊர்ச் சேனல் தெரியும். இப்போது அலைகள் யாவும் தொலைவிலுள்ள பெரிய நிலையத்தில் பூட்டப்பட்டு வருகின்றன. அங்கே இடம் வாங்கினால்தான் ஊரின் முகம் ஊருக்குத் தெரியும். சிறிய கேபிள்காரருக்கு அது எளிய செலவன்று. மதுரையிலும் தூத்துக்குடியிலும் தொடங்கிய தனியார் பண்பலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உற்சாகமான குரல்கள், ஓயாத பாட்டு. ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்ல அவற்றுக்கு அனுமதியில்லை, விளம்பரம் தரும் பெருநகரத்தைத் தாண்டிப் பார்க்க அவற்றுக்கு அவசியமும் இல்லை.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பலனாகச் சிறுகச் சிறுகத் திறந்த வழியில், 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் உரிமம் பெறலாம் என்றாயிற்று. 100 வாட் சக்தி, 30 மீட்டர்க் கம்பம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வீச்சு: இவ்வளவே சமுதாய வானொலி. எங்கள் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், பாம்பன் தீவில், 2016-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' மீனவர்களுக்காக அவர்கள் பேச்சிலேயே பேசிவருகிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குள் போகலாமா கூடாதா என்பது ஒரு மீனவனுக்கு நாட்டு அரசியலைக் காட்டிலும் உயிர்நிலையான செய்தி.

மீனவனுக்குக் காற்று எப்படியோ, மானாவாரி விவசாயிக்கு மழை அப்படி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தென்மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசியும் நின்று, அடுத்த ஊரில் இருக்கும் மகள் உயிரோடிருக்கிறாளா என்பது தெரியாமல் பெற்றோர்கள் தவித்தார்கள். இரண்டு பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்குப் பேச, அருகிலேயே ஒரு சிறிய கம்பம் நின்றிருந்தால் அந்தத் தவிப்பில் எவ்வளவு குறைந்திருக்கும்!

வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். அருப்புக்கோட்டையை ஒட்டிய கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகவே இருக்கிறது. அருப்புக்கோட்டையை மையமாக வைத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டால், தெற்கே பந்தல்குடியும் கிழக்கே திருச்சுழியும் அதற்குள் அடங்கும். தறிச் சத்தத்தில் காது மரத்த நெசவாளரும், குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் விதைப்பவரும், விருதுநகர்ச் சந்தையின் விலையை மறுநாள் பத்திரிகையில் பார்த்து ஏமாறுகிறவரும் ஒரே வட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். மழைமானியை நாடு முழுவதும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் குறிக்கிறார்கள். திருச்சுழியில் குறித்த எண் சென்னைக்குப் போய்ப் பட்டியலில் ஏறி, இடம் இருந்தால் மாலையில் திரும்பி வருகிறது. அதே எண்ணை 8.35-க்குச் சொல்ல ஒரு மைக்கும் ஒரு மனிதரும் போதும். பேசுவதற்கு விஷயம் கிடைக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எந்தக் கண்மாய்க்கு எத்தனை அடி தண்ணீர் வந்தது, எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்த ஊர் வரத்துக்கால்வாயில் கருவேலம் மண்டியிருக்கிறது என்று பெயர் சொல்லி வாசிக்கத் தொடங்கினாலே முதல் மாதம் முழுவதும் வேறு நிகழ்ச்சிக்கு நேரம் இருக்காது என்று அவரிடம் சொன்னேன். பட்டியலை அன்றிரவே எழுத உட்கார்ந்தோம். பந்தல்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்களின் பெயர்கள் மட்டுமே இரண்டு பக்கம் வந்துவிட்டன.